அப்பா வீட்டுக்கு வரும் வழி

அண்ணா,

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தின் பின்பக்கத்தில் இதைத் தொடங்குகிறேன். இடம் போதாது. மீதியைக் கணக்குக் கொப்பியில் கிழித்த தாள்களில் எழுதுவேன். முன்பக்கத்தை இப்போது திருப்பிப் பார்க்காதீர்கள். இதைப் படித்து முடித்த பிறகு பாருங்கள். வழக்கமான வெள்ளை உறையில் போடாமல் நீளமான பிறவுன் உறையில் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளை உறை வந்தால் நீங்கள் திறப்பதில்லை. போன மாதம் நீங்கள் அம்மாவோடு போனில் பேசியது, அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது. “அத நான் தொறக்கிறதே இல்லம்மா. எல்லாம் அதே கடிதந்தானே. மேச லாச்சிக்குள்ள கெடக்குது.” பிறவுன் உறை என்றால் உங்கள் கல்யாணப் பதிவு சம்பந்தமாக ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்துத் திறப்பீர்கள் என்று கணித்தேன். திறந்துவிட்டீர்கள். ஏமாற்றியதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அம்மாவும் அப்பாவும் உறங்கிவிட்டார்கள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அம்மா எழும்பி வந்தால் இது அடுப்புக்குள் போகும். “கல்யாணம் முடியிற வரைக்கும் அண்ணனுக்கு ஒரு தலையிடியும் குடுக்கப்படாது, வெளங்குதா?” என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவை நினைத்துப் பயம், உங்களை நினைத்துப் பயம், அதைவிட வருகிற சனிக்கிழமையை நினைத்துப் பயம். அன்றைக்கு நீங்கள் லொறியோடு வந்து, சாமான்களோடு எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு கொழும்பில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அப்பாவை அங்கே கொண்டுபோகாதீர்கள். ஏன் என்று எழுதுகிறேன். உங்களுக்கு விளங்காது என்று சொல்லித் தப்ப முடியாது. எனக்கு இதைச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவர் அப்பா. நீங்கள் கம்பஸுக்குப் போன முதல் வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் என்னை எதிரில் உட்காரவைத்து உங்களுக்குக் கடிதம் சொல்வார். மூளைக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கடிதம்தான் மாறாமல் நின்றுவிட்டது. “அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்க எல்லாரும் சொகம். விடுதியில தண்ணிய கொதிக்க வச்சுக் குடி. ஈரத் தலையோட படுக்காத. படிச்சிட்டோம்னு யாரையும் கொறச்சுப் பேசாத. மொதலாளி ஒன்ன விசாரிச்சாரு. தேருக்கு லீவு போட்டுட்டு வந்துரு. பலாபத்வல பஸ் ஹோல்ட்ல எறங்கி நில்லு, அப்பா வந்து கூட்டிக்கிறேன்.” நீங்கள் விடுதியை விட்டு எத்தனை வருடம் ஆகிறது? பலாபத்வல வீட்டை நாங்கள் விட்டு எத்தனை மாதம் ஆகிறது? ஒரு தடவை நான் கடைசி வரியை மாற்றி எழுதிவிட்டு வாசித்துக் காட்டினேன். “நான் சொல்லாதத எழுதுறியா?” என்று தாளைப் பிடுங்கிக் கிழித்தார். அதன் பிறகு சொல்வதை மட்டும் எழுதுகிறேன். அதைத்தான் நீங்கள் லாச்சிக்குள் போடுகிறீர்கள்.

மாத்தளை டவுனுக்கு வரச் சொன்னவரும் நீங்கள்தான். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கும், கடைக்கும் கிட்ட என்றீர்கள். அப்போது அது சரியாகத்தான் தெரிந்தது. மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற கடையின் ஹாஜியார் அப்பாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஏனென்றால் அப்பாவின் கை எதையும் மறக்கவில்லை. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ஒரு மிளகைக் கடித்து, காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். காலையில் யார் கொண்டுவந்த சாக்கு என்று கேட்டால் தெரியாது. ஆனால் நாலு மணிக்குக் கடையை விட்டு இறங்கியதும் நேரே தம்புள்ளை பஸ்ஸில் ஏறி, பலாபத்வலயில் இறங்கி, பழைய வீட்டின் கதவைத் தட்டுவார். அங்கே இப்போது ஒரு சிங்களக் குடும்பம். “என் வீட்டுல ஒங்களுக்கு என்ன வேல?” என்று அவர்களிடம் சண்டை. அம்மா கார்மெண்ட் பெக்டரியில் இருந்து ஏழு மணிக்குத்தான் வருவார். பள்ளிக்கூட யூனிபோமோடு பஸ் ஏறிப் போய்க் கூட்டி வருவது நான். முதல் நாள் போனதும் நான், இருபதாம் நாள் போனதும் நான். நீங்கள் போனில், “அடடா, அப்படியா?” என்றீர்கள்.

பிறகு சித்திரை வருடத்துக்கு வந்தீர்கள். நான் அழுததைப் பார்த்து, முற்றத்தில் உட்காரவைத்து உங்கள் ஆராய்ச்சிக்கூடத்து எலிகளைப் பற்றிச் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு உங்களை மிகவும் பிடித்திருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன். “மூளைக்குள்ள கடக்குதிர மாதிரி வளஞ்சு ஒரு எடம் இருக்கு. ஹிப்போகாம்பஸ்னு பேரு. எலிக்கு அத நாங்க கெடுத்துட்டுப் பாக்குறோம். அப்பாவுக்குக் காய்ச்சல் கெடுத்ததும் அதத்தான்.” ஒரு வட்டத் தொட்டி, உள்ளே தெரியாதபடி வெள்ளையாக்கிய தண்ணீர், அடியில் ஒளிந்திருக்கிற ஒரு மேடை. நல்ல எலி நீந்தி நீந்தி மேடையைக் கண்டுபிடிக்கும். மேடையை வேறு பக்கம் மாற்றினால் கொஞ்ச நேரம் திண்டாடும், பிறகு புது இடத்துக்கு நேரே போகும். கெட்டுப்போன எலி, மேடை முன்பு இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும். மாற்றிக்கொள்ளத் தெரியாது.

“அப்ப அதுக்கு ஒண்ணுமே படிச்சுக் குடுக்க ஏலாதா?” என்று கேட்டேன். “ஏலும். ஒரே எடத்துல இருந்து தண்ணிக்குள்ள விடணும். மொதல்ல பெரிய மேட, பெறகு கொஞ்சங் கொஞ்சமா சின்னதாக்கணும். நாள் கணக்கா செஞ்சா அதுவும் நேரா போகும். ஆனா வேற பக்கத்துல இருந்து விட்டுப் பாரு, தொலஞ்சு போயிரும். அதுக்கு வழி தெரியாதுடி. பழக்கந்தான் தெரியும்.” எலி பாவம் இல்லையா என்றேன். “பாவந்தான். சும்மா செய்ய ஏலுமா? எல்லாத்துக்கும் அனுமதி எடுத்துத்தான் செய்றோம்” என்றீர்கள். அந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள், அண்ணா.

ஏனென்றால் அடுத்த நாளே சீனி டின்னை மாற்றச் சொன்னீர்கள். தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக்கொள்வது அப்பாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே கௌரவம். சீனி டின் கீழ்த் தட்டில், தேயிலைப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும். “மேல் தட்டுல வச்சுட்டு வா. அப்பாகிட்ட சொல்லாத.” “கோவப்படுவாரு அண்ணா.” “சும்மா பாப்பம்டி.” நான்தான் வைத்தேன். அது என் பிழை. அப்பா கீழ்த் தட்டைத் தடவினார். நீங்கள் சிரித்துக்கொண்டே, “இந்தா மேல இருக்குப்பா” என்றீர்கள். அவரும் சிரித்து, சீனியை எடுத்துப் போட்டுக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தேத்தண்ணி ஊற்றச் சொன்னீர்கள். மறுபடி கீழ்த் தட்டு. மறுபடி ஒரு தேத்தண்ணி. நீங்கள் மேசையில் ஒரு கொப்பியைத் திறந்து கோடு போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆறாவது கோட்டில் அப்பா கீழ்த் தட்டை ஓங்கி அடித்தார். “எவடி களவெடுத்தது?” என்று திரும்பி என்னை அறைந்தார். காதுக்குள் கூவென்று சத்தம் வந்தது. நீங்கள் எழும்பவில்லை. “பாத்தியா, அப்படியேதான்” என்றீர்கள். அன்றிரவு அம்மாவிடம், “புதுசா ஒண்ணும் ஏறாதும்மா, விட்ருங்க” என்றும் சொன்னீர்கள். எலிக்கு அனுமதி எடுத்தீர்கள். அப்பாவுக்கு யாரிடம் எடுத்தீர்கள்? அந்தக் கொப்பியில் என் காதைப் பற்றி ஏதாவது எழுதினீர்களா?

நீங்கள் போன பிறகு, நீங்கள் சொன்னதையே எடுத்து வேறொன்று செய்து பார்த்தேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. தினமும் நாலு மணிக்குக் கடை வாசலில், இடது பக்கத் தூணோடு நிற்பேன். வேறு எங்கேயும் நிற்கமாட்டேன். ஹாஜியார் முதலில் கேலி செய்தார். “என்ன அண்ணே, மகள் பொலிஸ் மாதிரி வந்து நிக்கிது?” “வீட்டுல ஒரு பொலிஸ், வெளியில ஒரு பொலிஸ்” என்று அப்பா சொல்வார். மறுநாளும் அதே கேலி, அதே பதில். ஹாஜியாருக்கு அலுக்கவே இல்லை. என்ன செய்கிறேன் என்று பிறகு விளங்கியதும், “பயப்புட வேணாம் மகள். நாலு மணிக்கு முந்தி நான் அவர வெளிய உடமாட்டேன்” என்றார். உங்கள் ஆராய்ச்சியில் ஒரு மிளகுக் கடைக்காரர் இவ்வளவு உதவி செய்திருப்பாரா?

முதல் கிழமைகளில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். “நான் என்ன குருடனா?” என்று உதறுவார். பார்மசியைத் தாண்டி, கோயில் பின்மதில் ஓரமாக வந்து, மஞ்சள் கோட்டில் றோட்டைக் கடக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு நாளும் நின்று, “பாப்பா, பஸ்ஸுக்கு அந்தப் பக்கம்ல போகணும்” என்பார். “இன்னைக்கு இந்தப் பக்கம்ப்பா.” ஒரு நாள்கூட அவரைப் பிழையான பக்கம் ஓரடி வைக்க விடவில்லை. பிழையும் பழகிவிடும் என்று பயந்தேன். பிறகு மதகு, அதற்குப் பிறகு நம் நீலக் கேட். கையை விட்டுப் பக்கத்தில் நடந்தேன். பிறகு பத்து அடி பின்னால் நடந்தேன். பிறகு மஞ்சள் கோட்டில் நின்று பார்த்தேன், பிறகு மதகில் நின்று பார்த்தேன். தவணைப் பரீட்சையில் கணக்கு பெயில். டியூஷனுக்குப் போனதாக அம்மாவிடம் பொய் சொன்னேன். மழையில் நின்று தடிமன் பிடித்தது. இந்த மனுசன் தொலைந்தே போகட்டும் என்று நினைத்த நாட்களும் உண்டு. ஒரு நாள் மஞ்சள் கோட்டில் அப்பா எதுவும் கேட்கவில்லை. கால் தானாகத் திரும்பியது. நீலக் கேட்டின் கொளுக்கியை அவரே தூக்கினார். “அப்பா, நம்ம வீடு எங்க இருக்கு?” என்று கேட்டேன். கை கேட்டில் இருக்க, “பலாபத்வலயில. என்ன கேள்வி இது?” என்றார்.

இனி என் பெரிய பிழை. கிளினிக் நாள். ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்து முடியும்போது மூன்றரை. ஒரு நாளாவது மற்றப் பிள்ளைகளைப் போல டியூஷனில் உட்கார வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து வீடு, கடையிலிருந்து வருவதைவிடக் கிட்ட. “அப்பா, தனியா வீட்டுக்குப் போயிருவீங்களா?” “ஏன், எனக்கு வழி தெரியாதா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு பக்கத்திலிருந்து தண்ணீரில் விட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டேன். ஆறு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது கேட்டில் கொளுக்கி போட்டபடியே இருந்தது, உள்ளே அப்பா இல்லை.

எங்கே இருப்பார் என்று யோசிக்கவே தேவையில்லை. பஸ்ஸில் பலாபத்வல போய் இறங்கினேன். அப்பா பழைய வீட்டுக்கு எதிரில் றோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. இரண்டு பட்டன் இல்லை. அந்த வீட்டு நோனா கேட்டருகே நின்று அழுதார். “அனே துவே”, ஐயோ மகளே, என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அவருடைய கணவர் வேலையால் வந்து பார்த்தபோது அப்பா அடுப்படிக்குள் நின்றாராம், சின்னப் பிள்ளை பயந்து கத்தியதாம், காலரைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டாராம். இன்னொரு தடவை வந்தால் பொலிசுக்குப் போவாராம். அவரைப் பிழை சொல்ல முடியுமா? நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். “பாப்பா, நம்ம வீட்டுக்குள்ள ஆளு பூந்துட்டாங்க” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அன்றைக்கு அம்மாவுக்கு ஓவர்டைம், அவர் வருவதற்குள் வீட்டுக்கு வந்து அந்தப் பையைத் தைத்தேன். பட்டன் வேறு நிறம். அம்மா இன்னும் கவனிக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்வது ஆறுதலுக்காக அல்ல. புறப்படுகிற இடம் பாதி றோட்டுத் தூரம் மாறியதற்கே இப்படி ஆனது என்று தெரிந்துகொள்வதற்காக. அடுத்த நாள் நாலு மணிக்கு மறுபடி தூணோடு நின்றேன். கடை வாசலிலிருந்து அவர் ஒரு பிழையும் இல்லாமல் வந்தார்.

இப்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? “அவருக்குத்தான் புதுசா ஒண்ணும் ஏறாதே. அப்ப எந்த வீடா இருந்தா என்ன?” அம்மா பலகீனமாக, “புது எடத்துல பழகிக்குவாரா தம்பி?” என்று கேட்டதற்கு, “தங்கச்சி பாத்துக்கும்” என்றீர்கள். என்னைக் கேட்டீர்களா? சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது என்னைப் பிடுங்கிக்கொண்டு போய், ஒரே மாதிரிக் கதவுகள் வரிசையாக இருக்கிற மாடியில் காவல் வைக்கப் போகிறீர்கள். அப்பா அங்கே கீழே இறங்கி, போகிற வருகிறவர்களிடம் தம்புள்ளை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பார். காட்டுவதற்கு ஆளும் இருப்பார்கள். அது கொழும்பு. இங்கே வழி தவறினால் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். அங்கே எங்கே தேடுவேன்? உங்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு மாதம் ஒரு தடவை மாத்தளை வருவது கஷ்டம். அதைச் சொல்லுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். அப்பாவின் நன்மைக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் எலியை நீங்கள் எவ்வளவு கவனமாக ஒரே இடத்திலிருந்து தண்ணீரில் விடுவீர்கள் என்று எனக்கு நீங்களே சொன்னீர்கள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நாலேகாலுக்கு அப்பா தனியாக வந்தார். தேத்தண்ணி ஊற்றினார். சீனி டின் கீழ்த் தட்டில்தான் இருக்கிறது. “வா, அண்ணனுக்கு எழுதுவோம்” என்று கூப்பிட்டார். நான் பாதிக் கடிதத்தை அவர் சொல்வதற்கு முன்பே எழுதிவிடுவேன், அவ்வளவு பழக்கம். தண்ணீர், ஈரத் தலை, முதலாளி, தேர். பலாபத்வல ஹோல்ட் என்று எழுதப் பேனையைக் கொண்டுபோனேன். அப்பா நிறுத்திவிட்டார். ஜன்னல் வழியாகக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். பிறகு அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை. வாசித்துக் காட்டியபோது, “சரி, அப்படித்தான்” என்றார். அடுத்த சனிக்கிழமை பழைய கடிதத்தையே சொன்னாலும் சொல்லக்கூடும். அது எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்குச் சொன்னார்.

இப்போது முதல் தாளைத் திருப்புங்கள். கடைசி வரிகள்: “பலாபத்வலயில எறங்காத மகன். அங்க இப்ப வேற ஆளுங்க இருக்காங்க. நம்ம கட வாசல்ல எறங்கு. மருந்துக் கடையத் தாண்டி, கோயில் மதில் ஓரமா வா. மஞ்சக் கோட்டுல பாத்துக் கட. மதகுக்கு அந்தப் பக்கம் நீலக் கேட்டு. பூட்டியிருக்காது.”

சனிக்கிழமை லொறியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்துங்கள். ஆனால் நாலு மணிக்கு நீங்கள் கடை வாசலில் நில்லுங்கள், இடது பக்கத் தூணோடு. அப்பா இறங்கி வருவார். கையைப் பிடிக்காதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள், கொப்பி கொண்டுவராதீர்கள். அவருக்கு முன்னால் போகாதீர்கள். பத்து அடி பின்னால் வாருங்கள். நான் கேட்டில் நிற்பேன்.